ஒரே ஒரு ஓகே

"கீழ்வீட்டு அம்மாகிட்ட தினமும் அப்படி என்னம்மா அரட்டை?" என்றான் மகன். அம்மா அவனோடு இருக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"ஊர்ப்பட்ட கதை இருக்குடா. பாவம், முழங்கால் வலி உயிரை வாங்குதாம். மருமகளோட வேற ஒத்துப்போகலையாம்."

மூன்று வருடமாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் அந்த அம்மா. குப்பை கொட்டப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தான்.

படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா முழங்காலைத் தடவியபடி, "ஓகே...ஏ..." என்று இழுத்தார்.

"ஓகே, ஓகே" என்று அம்மா அவர் தோளைத் தட்டினாள். அவ்வளவுதான் பேச்சு.

மேலே வந்ததும் பிடித்துக்கொண்டான். "அவங்களுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு அவங்க பாஷை தெரியாது. இந்த ஒரு வார்த்தையை வச்சா மருமகள் சண்டை வரைக்கும் கண்டுபிடிச்சே?"

"இதென்ன பெரிய வித்தை? நாலு வருஷமா போன்ல நான் எதைக் கேட்டாலும் நீ 'ஓகேம்மா'ன்னு மட்டும்தானே சொன்னே? அதுலயே நீ பட்டினியா, காய்ச்சலா, ஆபீஸ்ல திட்டு வாங்கினியான்னு கண்டுபிடிச்சவடா நான்!"