பாட்டுக்குப் புகார்

லாரியின் பின்சக்கரம் என் மனைவி ரெஜினாவின் இடுப்பின் மேல் நிற்கிறது. அவள் கை தார்ச்சாலையைப் பிறாண்டுகிறது. எட்டாத தூரத்தில் கிடக்கும் அவளுடைய போன், நான் அழைத்துக்கொண்டிருப்பதால், ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடுகிறது. படம் பிடிப்பவனிடம் அவள் சொல்கிறாள்: “அவருதான். வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்கண்ணே.” பின்னாலிருந்து ஒருவன், “தலைவா, கொஞ்சம் தள்ளு, மறைக்குது” என்கிறான். பாட்டு முடிவதற்குள் அவள் வாய் ரத்தத்தால் நிறைந்துவிடுகிறது. ‘பார்டா’ என்ற வீடியோ தளத்தில் இதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். அவள் கடைசியாகச் சொன்னது எனக்கும் அதைப் பார்த்துத்தான் தெரியும். இவள் என் மனைவி, நீக்கிவிடுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்றே பதில் வந்தது.

“ரத்தத்துக்கெல்லாம் தூக்க மாட்டானுங்க மாப்ள,” என்றான் கல்லூரி நண்பன் செல்வின். “பாட்டுக்குத்தான் பயப்படுவானுங்க. அந்தப் பாட்டோட காப்பிரைட் வச்சிருக்கிற கம்பெனிக்கு எழுதிப் போடு.”

எழுதினேன். மறுநாளே நடவடிக்கை எடுத்தார்கள். வீடியோ அப்படியே இருந்தது. ஒலியை மட்டும் நீக்கியிருந்தார்கள். சக்கரம் நின்றது, கை பிறாண்டியது, அவள் வாய் அசைந்தது, ரத்தம் வந்தது. கீழே எவனோ கேட்டிருந்தான்: “சவுண்டு எங்கடா? ஒரிஜினல் யாராவது வச்சிருக்கீங்களா?”

அதற்குக் கீழே நான் எழுதினேன்: “எனக்கும் வேணும்.”