கர்லாக்கட்டையின் பெருமை

பயில்வான் மாசானம் தினமும் சுற்றும் கர்லாக்கட்டைக்குத் தலைகால் புரியாத பெருமை. ஊரே வாய்பிளந்து பார்க்கும் அவன் தோள்களைத் தானே செதுக்கியதாக அதற்கு நினைப்பு.

"நாள் பூரா சும்மா கிடக்கிறியே, வெட்கமா இல்ல?" என்று கட்டிலில் கிடந்த தலையணையைச் சீண்டியது.

"ராத்திரி எனக்கும் வேலை இருக்குண்ணே."

"தூங்குறது ஒரு வேலையா!"

கோயில் கொடைத் திருவிழாவில் குஸ்திப் போட்டி என்று அறிவித்தார்கள். ஜெயித்தே தீருவதென்று மாசானம் தூக்கத்தை விட்டுவிட்டு விடிய விடியக் கட்டை சுற்றினான். கட்டைக்குக் குஷி தாங்கவில்லை. ஆனால் நாளாக ஆக அவன் தோள் இறுகுவதற்குப் பதிலாகத் தளர்ந்தது. ஒரு காலையில் பாதிச் சுற்றில் கட்டை நழுவி விழுந்து, அதன் விளிம்பு தெறித்தது. மாசானம் அப்படியே கட்டிலில் சாய்ந்தான். அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் படுக்கைதான்.

கொடையன்று எதிராளியை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு வந்து படுத்தான்.

"பார்த்தியா என் கைவண்ணத்த!" என்று கட்டை முழங்கியது. நல்லவேளை, தெறித்த பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

மாசானத்தின் தலையைத் தாங்கியிருந்த தலையணை கிசுகிசுத்தது:

"ஆமாண்ணே. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இங்க வேலை நடக்குது."