ஞாயிற்றுக்கிழமைத் தறி

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தறி ஓட்டுகிற ஆள் ஆரணியிலேயே ராஜம்மாள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

தெருவே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். சரியாக அப்போதுதான் அவள் வீட்டு விசைத்தறி 'சடக் சடக்' என்று ஆரம்பிக்கும்.

"ஆறு நாளு முதலாளி வூட்டுத் தறி. ஏழாவது நாளு சொந்தத் தறியா? இத்தனையும் எங்க கட்டிகினு போவப் போறாங்களாம் உங்க மாமியாரு?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு சிவசங்கரி.

மருமகள் பானுப்ரியாவின் வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரியது.

கல்யாணமாகி மூன்று மாதம். கணவன் ஹேமநாத்துக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி ஷிப்டை முடித்துவிட்டு ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து சேர்வான். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவான். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் தனியாக இருக்க வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

அந்த இரண்டு மணி நேரமும் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். அவள் ஏதாவது சொன்னால், "இன்னாது?" என்று அவன் கத்துவான். கொஞ்சுவதைக் கத்திச் சொல்ல முடியுமா?

"நாம ரெண்டு பேரும் பேசிகினு இருந்தா உங்க அம்மாவுக்குப் பொறுக்கல," என்றாள் ஒருநாள் போனில்.

"அவங்களுக்குச் சும்மா உக்காரத் தெரியாது. விடு பானு."

தறிக் கொட்டகைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "தறி பக்கம் வராத. பெல்ட்டுல புடவை மாட்டிக்கும்," என்று வந்த புதிதிலேயே ராஜம்மாள் சொல்லிவிட்டாள். கொட்டகைச் சாவியும் அவள் இடுப்பிலேதான். வந்தவாசி மளிகைக்கடைக்காரர் பெண்ணுக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும் என்கிற இளக்காரம்!

இதெல்லாம் போதாதென்று, போன ஞாயிறு நடுவில் கரண்ட் போய்விட்டது.

தறி சட்டென்று நின்றது. அந்த அமைதியில், பானுப்ரியாவின் அப்பா சீராகக் கொடுத்த கட்டில் 'கிறீச்' என்று பக்கத்து வீடு வரைக்கும் சேதி சொன்னது.

கொட்டகையில் ராஜம்மாள் இருமினாள்.

பானுப்ரியாவுக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. தறிச் சத்தத்தில் மாமியாருக்கு எப்போதோ காது மந்தமாகியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் கட்டிலைச் சரிபண்ணாமல் இனிமேல் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. தச்சரைக் கூப்பிடலாம்தான். கட்டில் கத்துகிறது என்று எந்தப் புதுப்பெண் ஓர் ஆளை வரவழைத்துச் சொல்வாள்?

சனிக்கிழமை மாமியார் வேலைக்குப் போனதும் மெத்தையைக் கீழே தள்ளினாள். செல்போன் வீடியோவில் பார்த்தபடி ஒவ்வொரு பலகையாக உட்கார்ந்து, எழுந்து, காதைச் சட்டத்தோடு ஒட்டிக் கேட்டாள். ஓரத்துப் பலகைகள் நல்ல பிள்ளைகள். நடுப்பலகைதான் சட்டத்தில் உரசியது. அந்தப் பக்கத்து போல்ட்டும் ஆடியது.

உரசுகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாள். பாதிச் சத்தம் அடங்கியது. போல்ட்டை முறுக்கினால், ஹேமநாத் பைக்கிலிருந்து எடுத்த ஸ்பேனர் பிடிக்காமல் வழுக்கியது.

"இன்னாமா பண்ணிகினு இருக்கற?"

மதியச் சாப்பாட்டுக்கு வந்த ராஜம்மாள் வாசற்படியில் நின்றாள்.

"அது... பூச்சி அத்தை. மூட்டைப்பூச்சி. அதான் பாக்கறேன்."

ராஜம்மாள் மருமகள் கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். ஸ்பேனரைப் பார்த்தாள். மூக்குக்கு நேராக இருந்த போல்ட்டையும் பார்த்தாள்.

"இந்தப் பூச்சிக்கு அந்த ஸ்பேனர் பத்தாது. இரு."

தறி ஸ்பேனரைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். "ஜல்தியா முடிச்சுட்டு எங்கிட்டயே குடு," என்று சிடுசிடுப்பாகச் சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொள்ளப் போய்விட்டாள்.

தறி ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தது. நான்கு போல்ட்டையும் முறுக்கிவிட்டுப் பானுப்ரியா கட்டிலில் குதித்தே பார்த்தாள். மூச்சு விடவில்லை கட்டில்.

மறுநாள் மதியம் இரண்டு மணி. கதவைச் சாத்தினார்கள். இரண்டே கால் ஆனது. இரண்டரை ஆனது. தறிச் சத்தத்தையே காணோம்.

"அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? போய்ப் பாரு," என்றான் ஹேமநாத்.

அவள் எழுந்து ஓடினாள். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து நிம்மதியாகப் படுத்திருந்தாள் ராஜம்மாள்.

பானுப்ரியா முதல் தடவையாக அந்தத் தறியைக் கிட்டத்தில் பார்த்தாள். சேலைக்கு நீளவாக்கில் ஓடவேண்டிய பாவு நூல் அதில் ஓர் இழைகூட இல்லை. குறுக்கே நூல் கொண்டு ஓடும் நாடாக் கட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தது. அதன்மேல் மூன்று மாதத் தூசி. இந்தத் தறி எவ்வளவு ஓடினாலும் சத்தம் வருமே தவிர, ஒரு முழம் சேலை வராது. அது மளிகைக்கடைக்காரர் பெண்ணுக்கும் தெரியும்.

அவள் பாயருகே உட்கார்ந்தாள்.

"அத்தை... இன்னைக்கு ஏன் தறி ஓட்டல?"

ராஜம்மாள் கண்ணைத் திறக்காமலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அதான் பூச்சி போயிடுச்சேம்மா!"