இன்னொரு சுற்று

டெல்ஃப்டில் அன்று காலையிலிருந்து விடாத மழை. கூரையில்லாத என் சுற்றுலாப் படகில் ஏற வந்தது ட்ரூஸ் அம்மா ஒருவர்தான். வருஷா வருஷம் கணவர் யாப்போடு ரோட்டர்டாமிலிருந்து ரயிலேறி வருவார். யாப்பை மார்ச் மாதம் அடக்கம் செய்துவிட்டார்கள். இந்த வருஷம் தனியாக வந்திருந்தார்.

கால்வாய்ப் பாலங்கள் தாழ்வு. அதனால் படகில் குடை விரிக்க விடமாட்டேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு சுத்து போதும் தம்பி. அந்த மனுஷன்தான் இன்னொரு சுத்து போகணும்னு அடம் பிடிப்பார். மழை பேஞ்சாலும் உறைக்காது, நான் திட்டினாலும் உறைக்காது."

ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் "தலையைக் குனிங்க!" என்று கத்தினேன். அவரும் குனிந்தார்.

கரையில் இறங்கியதும் குடையை விரித்தார். இடதுபக்கமாகவே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய வலது தோள் நனைந்துகொண்டே போனது.

பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த இடம் சட்டென்று நனைந்துவிட்டது. பக்கத்து இடம் மட்டும் காய்ந்தே இருந்தது. அங்கே ஒரு துளிகூட விழவில்லை.

கூப்பிட வாயெடுத்தேன். என்னவென்று சொல்வது? அதற்குள் அவர் தெருமுனையில் திரும்பிவிட்டார்.

படகைக் கட்டும் இடம் அடுத்த பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலம் நெருங்கியதும் பழக்கதோஷத்தில், ஆளில்லாத படகில் குரல் கொடுத்தேன்.

"தலையைக் குனிங்க!"

படகு பாலத்துக்கு அடியில் நுழையும் முன்பே, காய்ந்த இடத்துக்கு நேர் முன்னால், அதுவரை நனைந்துகொண்டிருந்த பலகையில் ஒரு தலையளவு இடத்திலும் மழை விழுவது நின்றது.