பத்து மாதப் பத்தியம்

“பாலைத் தொட்டியா?”

“இல்லை அத்தை.”

“மாடிப்படி?”

“நாற்பது தடவை ஏறி இறங்கிட்டேன்.”

ஆண் பிள்ளை தரிக்க மருமகள் எதைத் தின்ன வேண்டும், உடம்பை எப்படி வளைக்க வேண்டும் என்று மாமியார் எழுதிய பட்டியல் பத்து மாதமாக ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது. தினமும் நான்கு வாழைப்பழம். எல்லாவற்றிலும் உப்பு தூக்கல். பால் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அது பெண்ணைக் கொடுத்துவிடுமாம். ஏற்கெனவே வீட்டில் இரண்டு இருந்தன.

அவள் முணுமுணுத்தபோதெல்லாம் கணவன் ஒன்றையே சொன்னான்: “அம்மா மனசு நோகக் கூடாது. சாப்பிட்டுத்தான் வையேன்.”

அன்று சாப்பாட்டு மேஜையில் மாமியார் பொங்கிவிட்டாள்.

“இவ்வளவு கொட்டியும் வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலை. இவளை அத்துவிட்டுட்டு உனக்கு வேற பொண்ணு பாக்கறேன்டா.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

“நீ பாத்துச் செய்ம்மா.”

அவள் எழுந்து பட்டியலைக் கதவிலிருந்து உருவினாள். பீரோவிலிருந்து இன்னொரு தாளையும் எடுத்துவந்து, இரண்டையும் மாமியார் கையில் வைத்தாள்.

“வரப்போறவகிட்ட ரெண்டையும் காட்டிடுங்க அத்தை.”

“இது என்னது?”

“சின்னவ பொறந்ததும் உங்க பிள்ளை மூணு நாள் ஆபீஸ் டூர் போனாரே, அப்ப ஆஸ்பத்திரியில குடுத்தது. ரெண்டு போதும்னு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். ‘அம்மாகிட்ட நானே சொல்றேன், அதுவரை வாயைத் திறக்காதே’ன்னார்.”

ஃபிரிட்ஜைத் திறந்து, டம்ளர் நிறையப் பாலை ஊற்றி, நின்றபடியே குடித்தாள்.