உச்சி தாண்டிய இறக்கை

கறுப்புக் கோட்டும் கையில் திராட்சை ரொட்டியுமாக வாசலில் நின்ற பேக்கரிக்காரர் மைன்டர்ட், கதவு திறந்ததும் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டார். யாருக்காக அழுதுகொண்டு வந்தாரோ, அந்த ஆலைக்காரர் டூவேதான் கதவைத் திறந்தார்.

"டூவே! நீ சாகலையா?"

"ஏன், செத்தாத்தான் உள்ள வருவியா?"

மைன்டர்ட் மேலே கைகாட்டினார். வீட்டை ஒட்டி நின்ற மரக் காற்றாலையின் இறக்கை, உச்சியைச் சற்றே தாண்டி நின்றிருந்தது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆலைக்காரர் வீட்டில் சாவு.

"பிரேக் நழுவிடுச்சுய்யா!" டூவே பல்லைக் கடித்தார். "கட்டை தேஞ்சு போச்சு, மாத்துங்கன்னு ஆலையைப் பராமரிக்கிற நகரசபைக்கிட்ட நாயாக் கத்தினேன். எவன் கேட்டான்?"

அவரே போய்ச் சரிசெய்யவும் வழியில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகக் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். ஆலையை ஓட்டுவதெல்லாம் மனைவி ஹில்காதான்.

"ஹில்கா, முதல்ல போய் அதை நேரா நிறுத்து! மானம் போகுது!"

"ஆகட்டும், காப்பி வச்சிருக்கேன்" என்றாள் அவள். மேஜையில் விசேஷத்துக்கு எடுக்கும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் பக்கத்துப் பண்ணை சிட்ஸ்கா பூங்கொத்தோடு வந்தாள். பின்னாலேயே தேவாலயப் பாடகர் குழு, பாட்டுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது. ஒவ்வொருவரிடமும் "நான் சாகலை" என்று சொல்லிச் சொல்லி டூவேயின் குரல் கம்மிவிட்டது.

"உயிரோடதான் இருக்க. ஆனா கொஞ்சம் வெளுத்திருக்க" என்றாள் சிட்ஸ்கா, விட மனமில்லாமல்.

டூவேயின் கவலையே வேறு. ஆலைக்கு மேற்கே ஆறு மாடிக் கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டிருந்தார்கள். அது வந்தால் மேற்குக் காற்று அடைபட்டுப் போகும். இருநூறு வருஷமாக ஊருக்கு மாவரைத்த ஆலை, படம் பிடிக்க மட்டும் ஆகும் பொம்மையாக நிற்கும்.

நேற்றுதான் நகரசபையில் அதற்கு ஓட்டெடுப்பு. வந்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சியும் ஊரிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. போன கூட்டத்தில் தலைவர்மேல் தொப்பியை விட்டெறிந்ததால் டூவேயை உள்ளே விடமாட்டார்கள். ஹில்கா மட்டும் போனாள். "ஓட்டெடுப்பைத் தள்ளி வச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆலையைப் பூட்டப் போனாள்.

"ஆலையைக் காப்பாத்த வாங்கன்னு கூப்பிட்டா ஒருத்தனுக்கு முதுகுவலி, ஒருத்திக்கு மாடு கன்னு போடுது. சாவுன்னா மட்டும் ஊரே சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வருது!"

"கூட்டத்துல காப்பி தரமாட்டாங்களே" என்றார் மைன்டர்ட். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

டூவே கம்பால் தரையைத் தட்டினார். "கேட்டுக்குங்க! இந்த வீட்டுல யாரும் சாகலை! காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க! எல்லாம் அந்தப் பாழாப்போன பிரேக்கால வந்த வினை!"

"பிரேக்கைத் திட்டாத, டூவே. அது நல்லாத்தான் பிடிக்குது." ஹில்கா காப்பிக் கெண்டியை மேஜையில் வைத்தாள்.

"அப்புறம் எவன் இறக்கையை அப்படி நிறுத்தினான்?"

"நான்தான். ஆறு மாடிக்கு நேத்தே அனுமதி குடுத்துட்டாங்க. அதை உன்கிட்ட வாயால சொல்ல எனக்குத் தெம்பில்ல."