உள்ளே பார்த்த பொம்மைகள்

மூன்றாவது கண் சாக்குக்குள் போக மறுத்தது.

மற்ற இரண்டு கண்களும் போய்விட்டன. வாயும் போய்விட்டது. நெற்றியில் ஸ்பிரிங் வைத்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒன்று மட்டும் அரிசிச் சாக்கின் விளிம்பில் நின்று அவளையே பார்த்தது.

அமுக்கினாள்.

எழுந்தது.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"ஒளிச்சு வைக்கறது நேர்மையில்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் கணவன் அதைச் சாக்கிலிருந்து எடுத்து மறுபடி டிவி மேல் வைத்தான். "இவங்கதான் நான்."

இவங்க.

பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். படைப்புகள். ஆளுமைகள். ஓவியன் வீட்டில் பொம்மை எப்படி இருக்கும்? போன வருஷம் இவற்றை வைத்துக் கண்காட்சி நடத்தினான். அழைப்பிதழில் 'அச்சத்தின் அழகியல்' என்று போட்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் சமோசாவின் அழகியலுக்காக வந்தவர்கள்.

ஃப்ரிட்ஜ் மேல், வயிற்றில் பல் முளைத்த நாலு கை நீலக் கரடி. ஜப்பான்.

குளியலறை அலமாரியில், நாக்கு நீட்டிய தவளை அரக்கன். அதன் பார்வை படாமல் அவள் குளித்து வருஷங்கள் ஆகின்றன.

கூடத்துச் சுவரில், வரைந்ததும் வாங்கியதுமாகக் கொம்பு, கோரைப்பல், வால்.

எல்லாவற்றுக்கும் நடுவில், வண்டலூர்ப் பக்கம் பாதி கட்டிய கட்டடத்தில் தொங்கிய திருஷ்டி பொம்மை. மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கி வந்தது. கழற்றிக் கொடுத்த மேஸ்திரி, பொம்மையை விட்டுவிட்டு இவனைப் பார்த்துத்தான் பயந்தாராம். அதையும் பெருமையாகச் சொல்வான்.

வாசலில் மட்டும் ஒன்றும் கிடையாது.

அந்த மாடியில் மற்ற வீட்டு வாசல்களில் கறுப்புக் கயிற்றில் படிகாரம் தொங்கும். எதிர்வீட்டில் மீசை வரைந்த பூசணிக்காய். லிஃப்டுக்கு நிற்கும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பான். "எல்லாம் பயம்" என்பான். பகுத்தறிவுள்ள கதவு அவர்களுடையது ஒன்றுதான்.

வீடு வாங்கியபோது புரோக்கர் உள்ளறையைத் திறந்து காட்டி, "இது குழந்தைங்க ரூம்" என்றார்.

பிறகு கொஞ்ச காலம் அதைச் சின்ன ரூம் என்றார்கள்.

ஆஸ்பத்திரிகளுக்குப் போவதை நிறுத்திய வருஷம், அது ஆவணக் காப்பகம் ஆயிற்று. அவன் வைத்த பெயர்.

தத்துக்கு எழுதிக் கொடுத்து, கூப்பிடுவார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்து, இன்று ஒருவழியாக வீடு பார்க்க வருகிறார்கள். அவள் கேட்டது அந்த ஒரு ரூமைத்தான். வெயில் படக்கூடாத ஆளுமைகள் இருக்கிறார்களாம் அதில்.

காலிங்பெல் அடித்தது.

தத்து மையத்திலிருந்து வந்தவர் பெயர் தமயந்தி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மடக்குக் குடை, தோளை இழுக்கிற பை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தவர், அப்படியே நின்றார்.

வீட்டிலிருந்த அத்தனை கண்களும் அவரைப் பார்த்தன. அவற்றில் அவளுடையவை இரண்டு.

அவன் ஆரம்பித்தான்.

அச்சம் என்பது ஒரு பண்பாட்டுக் கட்டமைப்பு, மேடம். கோரம் என்பது அழகின் எதிரி அல்ல, அதன் மனசாட்சி. குழந்தைமை என்பதே...

அவள் ஒரு கையில் டீயும் ஒரு கையில் பிஸ்கட்டுமாக நின்றாள். இன்னொரு கை இருந்தால் அவன் வாயைப் பொத்தியிருப்பாள். நீலக் கரடிக்கு அந்த வசதி இருந்தது.

மேடம் டீயை ஊதி ஊதிக் குடித்தார். தம்ளரை வைக்க இடம் தேடி, ஒரு வாலுக்கும் ஒரு கொம்புக்கும் நடுவில் பத்திரமாக வைத்தார். பிறகு வண்டலூர்ப் பொம்மையைக் கை காட்டினார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார். வாசல்ல, தெருவப் பாத்த மாதிரி. உள்ள இருக்கற பிள்ளைங்க மேல கண்ணு படக் கூடாதுன்னு."

சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

"உங்களோடது எல்லாம் உள்ளயே பாத்துக்கிட்டு இருக்கே."

கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிற குரல்.

"சரி, குழந்தை எங்க தூங்கும்?"

எதைக் கேட்டாலும் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவன். வாய் திறந்தபடி இருந்தது. சுவரில் இருந்த ஒன்றைப் போல.

அவள்தான் போய்ச் சின்ன ரூம் கதவைத் தள்ளினாள். பாதி திறந்தது. மீதிக்கு உள்ளேயிருந்து யாரோ ஒப்புக்கொள்ளவில்லை. மேடம் தலையை மட்டும் நுழைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தலையை வெளியே எடுத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

முடிந்தது, என்று நினைத்தாள். ஒரு ஸ்பிரிங் கண்ணுக்காக.

செருப்பை மாட்டும்போது மேடம் நிமிர்ந்தார்.

"அந்த ரூம் ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சிடுங்கம்மா. ஏரி பக்கத்துல இருக்கு."

லிஃப்ட் கீழே போயிற்று.

அவள் சமையலறையில் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கொசுவலை. பார்க்கிற வீட்டிலெல்லாம் சொல்வதா? இல்லை, நமக்குச் சொன்னதா? தம்ளரைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

டொக். டொக்.

சுத்தியல்.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. இன்னொன்றா? இன்றைக்குமா?

ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

சுவரின் நடுவில் அழுக்குப் படாத ஒரு வட்டம். வண்டலூர்க்காரனைக் காணோம்.

வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே ஸ்டூல் மேல் அவன் நின்றான். நிலைக்கு மேலே ஆணி அடித்து முடித்து, பொம்மையைத் தூக்கிப் பிடித்திருந்தான். முகம் வெளிப்பக்கம். மீசை வரைந்த பூசணிக்காய்க்கு நேர் எதிரே.

அவள் விளக்கத்துக்குக் காத்திருந்தாள். மறுவாசிப்பு, கட்டுடைப்பு, ஏதாவது ஒன்று வரும்.



ஸ்டூல் லேசாக ஆடியது. பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல கறுப்புக் கயிறு இருக்கா?" என்றான், திரும்பாமல்.